நாலு மணிக்கு எடுத்துருவோம்

இன்னாசியம்மாள் ஜாக்கெட்டின் கடைசிக் கொக்கியைக் கழற்றியபோது உள்ளேயிருந்து ஒரு சின்னக் கைபேசி நழுவி ஈரத் தரையில் விழுந்தது. பட்டன் வைத்த பழைய மாதிரி. தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அனிஷா செம்பைச் சாய்த்தபடியே நின்றுவிட்டாள். தண்ணீர் அம்மாவின் கால்மேல் விழாமல் தரையில் கொட்டியது.

வீட்டின் பின்பக்கத்தில் மூன்று புறமும் சேலை கட்டி மறைத்திருந்தார்கள். நடுவில், பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்திருந்த பெஞ்சில், அம்மா ஆனந்தமேரி படுத்திருந்தாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் முப்பத்திரண்டு வருடம் மூன்றாம் வகுப்பு டீச்சராக இருந்தவள். இன்னாசியம்மாள் பக்கத்து வீட்டுக்காரி. பூக்கடை வைத்திருக்கிறாள். இந்தத் தெருவில் யார் செத்தாலும் குளிப்பாட்ட அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

"ஒங்கம்மா போனு முன் ரூம்புல சார்ஜ்லல்ல கெடக்கு?" என்றாள் குரலைத் தாழ்த்தி.

"ஆமாக்கா."

"அப்ப இது யாரு போனு?"

அனிஷாவுக்குத் தெரியவில்லை. அவள் அதற்கு முன் அதைப் பார்த்ததே இல்லை. இன்னாசியம்மாள் முந்தானையால் அதைத் துடைத்து, அனிஷாவின் கால்சட்டைப் பையில் செருகி, ஜிப்பையும் அவளே இழுத்துவிட்டாள்.

"வெளிய எடுத்துறாத. காலைல இருந்து ஒங்கண்ணன் வீட்டப் பொரட்டிப் போட்டுத் தேடிட்டிருக்கான். பீரோ, அரிசி டின்னு, மெத்தைக்குக் கீழ, எல்லாம். வெந்நி போட வந்தப்பப் பாத்தேன். பெத்தவ செத்துக் கெடக்கா, இவன் என்னத்தத் தேடுறான்னு நெனச்சேன்."

இன்னாசியம்மாள் ஜாக்கெட்டை உருவி எடுத்தாள்.

வலது மேல்கையில் நான்கு விரல்களின் தடம், கருநீலமாக. அதற்குச் சற்றுக் கீழே மங்கி மஞ்சளாகிப்போன இன்னொரு தடம். மெதுவாகப் புரட்டியபோது முதுகில் கையகலத்துக்கு ரத்தம் கட்டிய பச்சை. பின்தலையில் முடி கொத்தாக ஒட்டிக் காய்ந்திருந்தது. இன்னாசியம்மாள் அதில் வெந்நீரை ஊற்றி விரலால் அலசினாள். தரையில் ஓடிய தண்ணீர் கொஞ்ச நேரம் பழுப்பாக ஓடி அப்புறம் தெளிந்தது.

"வழுக்கி விழுந்தா கையில எப்படிக்கா வெரல் பதியும்?" என்றாள் அனிஷா.

"நான் எதையும் பாக்கல, தாயி." இன்னாசியம்மாள் நிமிரவே இல்லை. "நாளைக்கும் நான் இந்தத் தெருவுலதான் குடியிருக்கணும். சோப்ப எடு."

சேலை மறைப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆண்டனிராஜின் குரல் கேட்டது. யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான். "பெட்டி ஒரு மணிக்கு வந்துரும். சாமியார்கிட்ட சொல்லியாச்சு. நாலு மணிக்கு எடுத்துருவோம்."

"கொடைரோட்டுல இருந்து டீச்சரோட தம்பி வரணுமேப்பா. இன்னைக்கே எதுக்கு? நாளைக்கு எடுக்கலாம்ல."

"வந்தா வரட்டும். நாலு மணிக்கு எடுத்துருவோம்."

காலையில் அனிஷா வீட்டில் இல்லை. நாலரை மணிக்கே சைக்கிளை எடுத்துக்கொண்டு நத்தம் ரோட்டில் போயிருந்தாள். ஊர் திரும்பிய ஆறு வாரமாகத் தினமும் அப்படித்தான். திரும்பி வந்தபோது மணி ஏழே முக்கால். வாசலில் நான்கைந்து பேர் நின்றார்கள். துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்திலிருந்து அம்மாவைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். தலைக்கடியில் மடித்த துண்டு. தெருமுனை டாக்டரிடம் ஆண்டனி, "நெஞ்சு வலிக்குதுன்னாங்க, அப்படியே விழுந்துட்டாங்க" என்றான். அவர் பிரஷர் மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டு மாரடைப்பு என்று சர்டிபிகேட் எழுதிக் கொடுத்தார். துண்டை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. வாசலில் நின்றவர்களிடம் அவனே, "பாசியில வழுக்கிட்டாங்க" என்றான். ஒரு மணி நேரத்துக்குள் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டார்கள்.

ஆறு வாரத்துக்கு முன் அதே கம்பத்தில்தான் அனிஷாவை வரவேற்று ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தான் ஆண்டனி. ஹெல்மெட் போட்ட அவள் படம், பின்னால் பனிமலை. மதுரை விமான நிலையத்துக்கு வேன் பிடித்து வந்து, அட்டைப்பெட்டியில் கட்டியிருந்த சைக்கிளை வேறு யாரையும் தொடவிடாமல் தன் தோளில் சுமந்தான். "ஏலே, எந்தங்கச்சிலே" என்று வேன் டிரைவரிடம் நான்கு தடவை சொன்னான்.

வியட்நாமில் தொடங்கி ஆர்மீனியாவில் முடிந்த பதினொரு மாதச் சைக்கிள் பயணம். ஊரில் எல்லாரும் அவளிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். அம்மாவின் பள்ளிக்கூடத்தில் நடந்த பாராட்டு விழாவிலும் ஒரு மாணவி எழுந்து, "தனியா போனப்ப பயமா இல்லையாக்கா?" என்றாள். அனிஷா சிரித்துக்கொண்டே, இல்லை, போன இடமெல்லாம் ஜனங்கள் சோறு போட்டார்கள், படுக்க இடம் கொடுத்தார்கள் என்றாள். பொய்யில்லை. ஆனால் தஜிகிஸ்தானில் லாரிகள் நிற்கும் ஒரு மேட்டில் ஒருவன் அவள் முடியைப் பிடித்து வண்டிக்குள் இழுத்ததையும், தான் காற்றடிக்கும் பம்பால் அவன் வாயில் மூன்று தடவை அடித்ததையும், அவன் பல் உடைந்த சத்தத்தையும், அதற்கப்புறம் முப்பது கிலோமீட்டர் நிற்காமல் மிதித்ததையும் அவள் சொல்லவில்லை. அன்றைக்கு அம்மா வீடியோவில் கூப்பிட்டபோது, "இங்க ஆப்ரிகாட் காலம்மா, மரத்துல இருந்து பறிச்சுத் தின்னேன்" என்று மட்டும் சொன்னாள்.

அம்மா அன்றைக்கு இருட்டில் உட்கார்ந்திருந்தாள். கரண்டு இல்லை என்றாள். பல நாட்கள் அங்கே கரண்டு இல்லாமல்தான் இருந்தது. சில நாட்கள் நெற்றி மட்டும் தெரியும். போனைச் சரியாகப் பிடிக்கத் தெரியவில்லை என்று அனிஷா கேலி செய்வாள்.

பாராட்டு விழாவில் முதல் வரிசையில் இருந்த அம்மா கை தட்டினாள். இடது கையால் தொடையில் தட்டினாள். வலது கை மடியிலேயே கிடந்தது. மேடையிலிருந்து பார்த்த அனிஷா, வயசாகிவிட்டது, மூட்டு வலி போல என்று நினைத்துக்கொண்டாள்.

வீட்டில் அவளால் தூங்க முடியவில்லை. கட்டில் ஒத்துக்கொள்ளாமல் தரையில் படுத்தாள். விழிக்கும்போதெல்லாம் எந்த நாடு என்று ஒரு கணம் தெரியாது. குழாயில் தண்ணீர் வரும்போது பாட்டிலை நிரப்பிவைக்கத் தோன்றும். சாப்பிட்ட அரை மணியில் மறுபடி பசிக்கும். அம்மா ஒன்றும் சொல்லாமல் இரண்டாம் தடவையும் தோசை ஊற்றுவாள். வீட்டில் எல்லாம் இருந்த இடத்தில்தான் இருந்தது, அண்ணன் மனைவி அறிவுச்செல்வியையும் அவளுடைய நான்கு வயது மகளையும் தவிர. "அவுங்கம்மா வீட்டுக்குப் போயிருக்கா, வருவா" என்றாள் அம்மா.

வந்த ஐந்தாம் நாள் அது பொய் என்று தெரிந்தது. மத்தியானமே குடித்துவிட்டு வந்த ஆண்டனி சமையலறை வாசலை மறித்துக்கொண்டு, "எம்பொண்டாட்டி எங்க இருக்கான்னு ஒனக்குத் தெரியும்ல. எட்டு மாசமா மறைக்கிற" என்று அம்மாவிடம் கத்தினான். அம்மா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். அவன் அரிவாள்மணையைக் காலால் எத்தினான். "எதுக்குண்ணே அம்மாகிட்டக் கத்துற?" என்று அனிஷா குறுக்கே வந்தாள். கன்னத்தில் விழுந்த அறையில் இரண்டு நாள் அவளுக்கு இடது காது கேட்கவில்லை. அம்மா நடுவில் நின்று, "விடும்மா, தண்ணியில இருக்கான்" என்றாள். முன்னறையில் அப்பா டிவி சத்தத்தைக் கூட்டினார்.

அதற்கப்புறம் அனிஷா காலையில் இன்னும் சீக்கிரம் கிளம்பினாள். முதலில் இருபது கிலோமீட்டர். பிறகு நாற்பது. புளியமரங்களுக்கு நடுவே, சிறுமலை அடிவாரம் வரை, அதையும் தாண்டி. வீட்டில் சத்தம் கூடக்கூட அவள் போகிற தூரமும் கூடியது. இன்றைக்கு எழுபத்திரண்டு.

அம்மாவுக்கு வெள்ளைச் சேலை கட்டி, கையில் ஜெபமாலையைச் சுற்றி, முன்னறையில் கிடத்தினார்கள். அழுகைச் சத்தம் எழுந்ததும் அனிஷா மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன அறைக்குள் போய்த் தாழ்போட்டாள். கைபேசியில் ஒரே ஒரு எண்தான் இருந்தது. பெயர்: கொய்யா. அழுத்தினாள்.

"அத்தே, செத்த இருங்க. புள்ள தூங்குறா, வெளிய வாரேன்" என்று கிசுகிசுத்தது அறிவுச்செல்வியின் குரல்.

"மதினி, நான் அனிஷா."

அந்தப் பக்கம் எங்கோ மோட்டார் ஓடுவது மட்டும் கேட்டது. அனிஷா வேறெதுவும் சொல்வதற்குள் அறிவுச்செல்வி கேட்டாள்:

"அத்தைய என்ன செஞ்சான்?"

அனிஷா சுவரில் சாய்ந்தாள். சொன்னாள். அறிவுச்செல்வி அழுவது கேட்டது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"நான் ஆயக்குடியில இருக்கேன்" என்றாள் பிறகு. "அத்தையோட வேல பாத்த டீச்சர் ஒருத்தவுங்க கொய்யாத் தோப்புல. ஒங்கண்ணன் புள்ளைய மொட்டமாடிக் கைப்பிடிச் செவுத்துக்கு அங்கிட்டுத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னான். எதுக்குன்னு கேளு. கொழம்புல உப்பு கூடிப்போச்சுன்னு. அத்தைதான் கால்ல விழுந்து புள்ளைய வாங்குனாங்க. விடிஞ்சும் விடியாம எங்க ரெண்டு பேரையும் பழனி பஸ்ஸுல ஏத்தி, கூடவே வந்து விட்டுட்டுப் போனாங்க. புதங்கெழம புதங்கெழம பேசுவாங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே."

"நான் கேட்டேன். போன வாரங்கூடக் கேட்டேன், அனிஷாகிட்டச் சொல்லவான்னு. இப்பத்தான வந்திருக்கா, கொஞ்ச நாளு நிம்மதியா இருக்கட்டும்னாங்க."

அனிஷா தரையில் உட்கார்ந்தாள்.

"நான் வாரேன்" என்றாள் அறிவுச்செல்வி.

"வேணாம் மதினி. அவன் இங்கதான் இருக்கான்."

"இருக்கட்டும்." போனை வைத்துவிட்டாள்.

அப்பா இருதயநாதன் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். படுக்கையறையில் அம்மாவின் கட்டிலில், கால் தரையில் படாமல் உட்கார்ந்திருந்தார். அனிஷா கதவைச் சாத்திவிட்டு அவர் முன்னால் நின்றாள்.

"அப்பா, நீங்க காலைல எங்க இருந்தீங்க?"

அவர் போர்வையின் நுனியைச் சுருட்டினார். பிரித்தார்.

"பாத்தீங்களா, இல்லையா?"

"போனக் கேட்டான்" என்றார். "இன்னொரு போனு வச்சிருக்க, குடுன்னான். இல்லைன்னா. கையப் பிடிச்சு முறுக்குனான். தள்ளுனான். எந்திரிச்சா. எந்திரிச்சு நின்னு, நீ என்ன செஞ்சாலும் சொல்ல மாட்டேண்டான்னா. மறுபடியும் தள்ளுனான்." போர்வை நுனியை மறுபடி சுருட்டினார். "ரெண்டாவது தடவ எந்திரிக்கல."

"நீங்க என்னப்பா செஞ்சீங்க?"

"கதவுகிட்ட நின்னேன்."

முன்னறையில் பெண்கள் ஜெபமாலை சொல்லத் தொடங்கியிருந்தார்கள். ஒரே சீராக வந்துகொண்டிருந்தது.

"நான் ஸ்டேஷனுக்குப் போறேன்" என்றாள் அனிஷா.

அப்பா அவள் கையைப் பிடித்தார். "போகாத தாயி. அவ போயிட்டா. இவனையும் உள்ள தள்ளிட்டா நாளைக்கு என்னைய எடுத்துப் போட யாரு இருக்கா?"

"நான் இருக்கேன்."

"நீ எந்த தேசத்துல இருப்பியோ."

அவள் கையை உருவிக்கொண்டு திரும்பியபோது கதவு திறந்திருந்தது. ஆண்டனி நின்றான். கண்கள் சிவந்திருந்தன. அழுதும் இருந்தான், குடித்தும் இருந்தான். உள்ளே வந்து கதவைத் தாழிட்டான்.

"குடு" என்றான்.

"எத?"

"மாடிப்படிக்குக் கீழ யாருகிட்டப் பேசிட்டிருந்த? பைல என்ன வச்சிருக்க?"

அவன் அவள் முடியைப் பிடித்து பீரோவில் மோதினான். கண்ணாடி உடைந்து சரிந்தது. வாயில் உப்புக்கரித்தது. இரண்டாவது மோதலுக்கு முன் அனிஷா தன் முழு பலத்தையும் காலில் திரட்டி அவன் முழங்காலில் உதைத்தாள். பதினொரு மாதம் மலையேறிய கால். அவன் கத்திக்கொண்டு மடிந்தான். மடிந்தபடியே அவள் கணுக்காலைப் பற்றி இழுத்தான். அவள் முகங்குப்புற விழுந்தாள். முதுகில் ஏறி உட்கார்ந்து பையின் ஜிப்பைத் தேடினான். அவள் பையோடு சேர்த்து வயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். முதுகிலும் பிடரியிலும் குத்து விழுந்துகொண்டே இருந்தது. எண்ணுவதை நிறுத்திவிட்டாள்.

"அப்பா" என்றாள். "கதவையாச்சும் தெறங்கப்பா."

கட்டிலின் மரம் கிறீச்சிட்டது. அப்பாவின் பாதங்கள் அவள் முகத்தருகே வந்தன, தயங்கின, தாண்டிப் போயின. தாழ்ப்பாள் நீங்கியது.

சத்தம் கேட்டு வந்து நின்றிருந்த இரண்டு பேர் உள்ளே பாய்ந்து ஆண்டனியைப் பிடித்து இழுத்தார்கள். "கேத வீட்டுல என்னப்பா இது அண்ணனும் தங்கச்சியும்?" என்றார் ஒருவர். "அவளுக்குப் பித்து பிடிச்சிருச்சுய்யா, பெத்தவ செத்ததுல கண்டதையும் பேசுறா" என்று அவன் இரைந்தான். அனிஷா அதற்குள் பின்பக்கம் ஓடியிருந்தாள். சுவரில் சாய்த்திருந்த சைக்கிளை எடுத்து, பின்வாசலைக் கடந்து, ஒரு காலைத் தூக்கிப் போடப்போனாள்.

பின்சக்கரம் நகரவில்லை. பிடித்தவர்களை உதறிவிட்டு வந்த ஆண்டனி அதைப் பிடித்திருந்தான். ஒரே இழுப்பில் அவள் சைக்கிளோடு மண்ணில் விழுந்தாள். பந்தல்காரர்கள் குழி தோண்டிவிட்டுப் போட்டிருந்த கடப்பாரையை அவன் எடுத்தான். அவள் புரண்டு விலகினாள். கடப்பாரை சக்கரத்தில் இறங்கியது. கம்பிகள் ஒவ்வொன்றாகத் தெறித்தன. அவன் மறுபடி ஓங்கினான். பெடலில், கைப்பிடியில், இருக்கையில். அவளை மறந்துவிட்டவனைப்போல அந்தச் சைக்கிளையே அடித்துக்கொண்டிருந்தான். "போ! போ! ஊர் ஊராப் போனீல்ல! இப்பப் போடி!"

பின் சந்தில் இன்னாசியம்மாளின் மொபெட் வந்து நின்றது. பின்னால் மாலைகள் அடுக்கிய கூடை. அவள் உடைந்த சைக்கிளையும் அனிஷாவின் வாயையும் பார்த்தாள். கூடையைக் கட்டியிருந்த ரப்பரை அவிழ்த்து, மாலைகளைச் சாக்கடை ஓரத்தில் இறக்கி வைத்தாள்.

"ஏறு" என்றாள்.

ஸ்டேஷனில் இருந்தது ஒரு பெண் எஸ்.ஐ. மேசைக்கு முன்னால் உட்காரவைத்து முதலில் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அனிஷா சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, "டாக்டர் சர்டிபிகேட் குடுத்திருக்காருன்னு நீங்களே சொல்றீங்க" என்றார்.

"அவரு பொரட்டிப் பாக்கல."

"நான் பொரட்டிப் பாத்தேன்" என்றாள் இன்னாசியம்மாள், கதவருகே நின்றபடி. "குளிப்பாட்டுனது நாந்தான். எழுதிக்குங்க. பேரு இன்னாசியம்மாள். பூக்கடை. டீச்சரு தலையில ஓட்ட இருக்கு. கையில வெரல் இருக்கு. முதுகுலயும் இருக்கு. பழசும் இருக்கு, புதுசும் இருக்கு."

எஸ்.ஐ. அனிஷாவைப் பார்த்தார். "போஸ்ட்மார்ட்டம்னா உங்க அம்மாவ அறுப்பாங்க. தெரியும்ல? அப்புறம் வந்து வேணாம்னு சொல்லக்கூடாது."

"தெரியும்."

தாளையும் பேனாவையும் நகர்த்தினார். அனிஷாவின் வலது கை விரல்கள் வீங்கியிருந்தன. பேனாவை முஷ்டிக்குள் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். ஆனந்தமேரி, வயது அறுபத்தொன்று, ஓய்வுபெற்ற ஆசிரியை. அதோடு நின்றுவிட்டது கை. கொஞ்ச நேரம் வெளியே பார்த்துவிட்டு மறுபடி எழுதினாள்.

போலீஸ் ஜீப் தெருவுக்குள் நுழைந்தபோது மணி மூன்றரை. பெட்டியின் மூடியைச் சாத்த இரண்டு பேர் தூக்கிப் பிடித்திருந்தார்கள். சாமியார் அங்கியைப் போட்டுக்கொண்டிருந்தார். எஸ்.ஐ. இறங்கி, "நிறுத்துங்க" என்றார். மூடி அந்தரத்தில் நின்றது.

அப்புறம் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கொடைரோட்டிலிருந்து வந்திருந்த சேவியர் மாமா, அம்மாவின் தம்பி, அனிஷாவின் முகத்துக்கு நேரே வந்தார். "போலீசக் கூட்டியாந்தியா? எங்கக்காவ அறுக்கக் குடுக்கப்போறியா? நீ அவ வயித்துல பொறந்தவதானா?" யாரோ ஒரு பெண் மண்ணை வாரித் தூற்றினாள். மண் அனிஷாவின் கிழிந்த உதட்டில் ஒட்டியது. அவள் துடைக்கவில்லை.

"மாமா, அம்மா கையப் பாருங்க."

"என்னத்தப் பாக்க?"

"சேலைய வெலக்கிக் கையப் பாருங்க மாமா."

அவர் பார்க்கவில்லை. எஸ்.ஐ. அப்பாவிடம் போனார். அப்பா பந்தலுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார்.

"அய்யா, சம்பவம் நடந்தப்ப நீங்க வீட்டுலதான இருந்தீங்க?"

"அவருக்கு ஒடம்புக்கு முடியல மேடம்" என்று ஆண்டனி நடுவில் வந்தான். ஒரு காலை இழுத்து நடந்தான். "அவர எதுவும் கேக்காதீங்க. எங்கிட்டக் கேளுங்க."

"நீ தள்ளு. அய்யா, நீங்க சொல்லுங்க."

அப்பா பெட்டியைப் பார்த்தார். மூடி பிடித்திருந்தவர்களுக்குக் கை வலித்திருக்க வேண்டும், அதைத் தரையில் இறக்கினார்கள். ஜெபமாலை சுற்றிய விரல்கள் வெளியே தெரிந்தன. எஸ்.ஐ. திரும்பப் போனபோதுதான் வாய் திறந்தார்.

"ரெண்டு தடவ தள்ளுனான்ம்மா."

ஆண்டனி பக்கத்தில் கிடந்த நாற்காலியைத் தூக்கி அப்பாவின் தலையை நோக்கி வீசினான். அது தோளில் பட்டு, பெட்டி வைத்திருந்த பெஞ்சில் மோதியது. பெஞ்சு சரிந்தது. பெட்டி ஒரு பக்கமாகச் சாய, அம்மாவின் தலை மரத்தில் இடித்துத் திரும்பியது. சேவியர் மாமா பாய்ந்து இரண்டு கையாலும் பெட்டியைத் தாங்கினார். தாங்கியபோது சேலை விலகி மேல்கை தெரிந்தது. அவர் அதைப் பார்த்தார்.

பெட்டியை மற்றவர்களிடம் கொடுத்துவிட்டு அவர் நிமிர்ந்தார். காலில் இருந்த செருப்பைக் கழற்றினார். இரண்டு போலீஸ்காரர்கள் ஆண்டனியைப் பிடித்திருந்தார்கள். அந்தப் பிடிக்குள் வைத்தே அவன் முகத்தில் மாறி மாறி அடித்தார். எஸ்.ஐ. கத்தினார். மூக்கு உடைந்து ரத்தம் ஆண்டனியின் வெள்ளைச் சட்டையில் கொட்டியது. அவன் திரும்ப அடிக்கவில்லை. ஜீப்பை நோக்கி இழுத்துப் போனபோது அவனுடைய ஒரு செருப்பு கழன்று பந்தலுக்குள்ளேயே கிடந்தது.

"செருப்பு" என்றான். "செருப்ப எடுத்துக் குடுங்க."

யாரும் எடுக்கவில்லை. ஜீப் போய்விட்டது.

அரசு ஆஸ்பத்திரியின் பிணவறை பின்பக்கத்தில் இருந்தது. டாக்டர் நாளைக்குக் காலையில்தான் வருவார் என்றார்கள். அனிஷாவின் உதட்டில் நான்கு தையல் போட்டிருந்தார்கள். இன்னாசியம்மாள் தன் கடையிலிருந்து இரண்டு மாலையை எடுத்து வந்து, உள்ளே வைக்க விடமாட்டார்கள் என்று தெரிந்ததும், மரத்தடியில் ஒரு தண்ணீர் வாளியில் போட்டு வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். சேவியர் மாமா வாசல்பக்கம் நின்றார். அப்பா சிமெண்டு பெஞ்சில் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தார். தோளைத் தூக்க முடியவில்லை. எக்ஸ்ரே எடுக்க வாருங்கள் என்று நர்ஸ் இரண்டு தடவை வந்து கூப்பிட்டாள். அவர் போகவில்லை. அனிஷா எதிரே தரையில், சுவரில் சாய்ந்து இருந்தாள். இருவரும் மத்தியானத்துக்குப் பிறகு ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

ஆறு மணிவாக்கில், போனில் இடம் கேட்டுக்கொண்டு, அறிவுச்செல்வி வந்தாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்திருக்க வேண்டும், முழங்கால்வரை சேலையில் புழுதி. தோளில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். நெற்றி ஓரத்திலிருந்து காதுவரை ஒரு பழைய தழும்பு ஓடியது. அதை அனிஷா இதற்கு முன் பார்த்ததில்லை. அறிவுச்செல்வி முதலில் பூட்டியிருந்த கதவைப் பார்த்தாள். அப்புறம் அனிஷாவின் வாயைப் பார்த்தாள். பக்கத்தில் வந்து, தையலுக்கு மேலே படாமல், புறங்கையால் அவள் கன்னத்தைத் தொட்டாள்.

அப்பா பெஞ்சில் இன்னும் கொஞ்சம் ஓரமாக நகர்ந்தார். அடிபட்ட தோள் சுவரில் உரசியது. பல்லைக் கடித்துக்கொண்டு மேலும் நகர்ந்தார். பெஞ்சில் இரண்டு பேர் உட்காரும் அளவுக்கு இடம் வந்தது. அவர் நிமிர்ந்து மருமகளைப் பார்க்கவில்லை.

அறிவுச்செல்வி அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து, தூங்குகிற மகளை அதில் மெதுவாகப் படுக்கவைத்தாள். தலையை மாமனார் பக்கம் வைக்காமல், கால்களை அவர் பக்கம் வைத்தாள். முந்தானையால் போர்த்திவிட்டாள். தான் உட்காரவில்லை.